"இந்த வயசுல இது தேவையா?" – என் பதில்



பதிவு கொஞ்சம் நீளம். காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் நான் ஒரு படம் போட்டிருந்தேன். சின்ன விமானம் ஒன்றின் பக்கத்தில், முதுகுப் பக்கம் கத்தரிக்கப்பட்ட டீ-சர்ட்டோடு, அந்தத் துணித் துண்டைக் கையில் தூக்கிப் பிடித்தபடி, தலை நரைத்த ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்கும் படம். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவள் அவள். 55 வயதில் முதல் தடவையாக, பக்கத்தில் யாரும் இல்லாமல், தான் ஒருத்தியாகவே விமானம் ஓட்டிவிட்டு இறங்கியபோது எடுத்த படம் அது.

வாழ்த்துகள் நிறைய வந்தன. சந்தோஷம். கூடவே வேறு சிலதும் வந்தன. "இந்த வயசுல இது தேவையா டீச்சர்?" என்று மூன்று பேர். "காசு இருந்தா எதுவும் செய்யலாம்" என்று என் சித்தப்பா மகன். "ஏதாவது ஆச்சுன்னா அந்தப் பிள்ளைங்க கதி என்ன அண்ணி?" என்று என் நாத்தனார் போனிலேயே கேட்டுவிட்டாள். "சட்டை ஏன் கிழிஞ்சிருக்கு?" என்று ஒரு பேரப்பிள்ளை. இருக்கிற கேள்விகளிலேயே நல்ல கேள்வி அதுதான். அதற்கும் பதில் வைத்திருக்கிறேன்.

அவள் பெயரைப் போடவில்லை. "டீச்சர், கதையைச் சொல்லுங்க, பேர் வேண்டாம்" என்று கேட்டுக்கொண்டாள். எங்கள் 1980 வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தவர்கள் தெரிந்தபடியே இருங்கள்.

இப்போது அவள் இருப்பது அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்தில், கொலம்பஸ் நகருக்குப் பக்கத்தில். இரண்டு பிள்ளைகளும் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து ஒன்றரை மணி நேரம் பேசினாள். அவள் சொன்னதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் கருத்து பிறகு.

நினைத்த மாத்திரத்தில் யாரும் தனியாகப் பறந்துவிட முடியாது. விமானிகளைப் பரிசோதிக்க அங்கீகாரம் பெற்ற மருத்துவர் கண், காது, ரத்த அழுத்தம் எல்லாம் பார்த்துச் சான்றிதழ் தர வேண்டும். 40 வயதுக்குக் கீழே இருந்தால் அந்தச் சான்றிதழ் 5 வருடம் செல்லும். 40 தாண்டியவர்களுக்கு 2 வருடம்தான். தனியாகப் பறக்கக் குறைந்தது 16 வயது ஆகியிருக்க வேண்டும். மேல்வரம்பு கிடையாது. பயணிகள் விமான நிறுவனங்களில் ஓட்டுபவர்களுக்கு 65-ல் ஓய்வு உண்டு. சொந்த ஆசைக்குப் பறப்பவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. உடம்பைப் பார்க்கிறார்கள், பிறந்த தேதியைப் பார்ப்பதில்லை. இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அவள் ஓட்டியது செஸ்னா 172. நான்கு பேர் உட்காரலாம். பயிற்சி கொடுக்கும் இடங்களில் உலகம் முழுக்க இந்த விமானத்தைப் பார்க்கலாமாம். முன்னால் இரண்டு இருக்கை. இடப்பக்கம் படிப்பவர், வலப்பக்கம் பயிற்சியாளர். இரண்டு பேர் முன்னாலும் இயக்கும் கைப்பிடி இருக்கும். பிள்ளை தவறு செய்தால் ஆசிரியர் பிடித்துக்கொள்ளலாம்.

பயிற்சியாளருக்கு 27 வயது. இவளுடைய மூத்த மகனைவிட ஒரு வயது சின்னவன். "டீச்சர், முதல் மாசம் எனக்கு வெக்கமா இருந்துச்சு. அவன் ஒண்ணு சொல்வான், நான் மறந்துடுவேன். மறுபடி சொல்வான், மறுபடி மறப்பேன். முப்பது வருஷம் ஆபீஸ்ல பத்துப் பேருக்கு வேலை சொன்னவ, ஒரு பொடியன்கிட்ட முழிச்சிக்கிட்டு நின்னேன்" என்றாள்.

இருபது வயதுப் பிள்ளைகள் சீக்கிரமே தனியாகப் பறந்துவிடுகிறார்கள். இவளுக்கு 38 மணி நேரப் பறப்பு தேவைப்பட்டது. அவளே சொன்ன கணக்கு இது. வயதானால் ஒன்றும் குறையாது என்று நான் சொல்ல வரவில்லை. குறையும். ரேடியோவில் பேசுவதைக் காது பிடிக்க நேரமாகும், கை படிய நேரமாகும். 66 வயதில் இந்தப் பதிவைத் தட்டச்சு செய்ய எனக்கு இரண்டு நாள் ஆகிறது. நேரம் ஆகும் என்பதும் முடியாது என்பதும் ஒன்றல்ல. நாற்பது வருடம் நாம் வகுப்பில் பார்த்ததுதானே இது?

பயிற்சியாளர் வைக்கும் எழுத்துத் தேர்விலும் அவள் தேற வேண்டியிருந்தது. பறந்துகொண்டிருக்கும்போதே இன்ஜின் விசையைக் குறைத்துவிட்டு, "இன்ஜின் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள், எந்த வயலில் இறக்குவாய்?" என்று கேட்பானாம். பத்துப் பதினைந்து தடவை கேட்டிருக்கிறான்.

அன்றைக்குக் காலை காற்று அடங்கியிருந்தது. அவனோடு மூன்று சுற்று பறந்தாள். ஓடுபாதையில் கிளம்பி, ஆயிரம் அடி ஏறி, இடப்பக்கமாகவே நான்கு திருப்பம் திரும்பி, அதே ஓடுபாதையில் வந்து இறங்குவது ஒரு சுற்று. மூன்றாவது முடிந்ததும், "ஓரமாக நிறுத்து" என்றான். அவளுடைய லாக்புக்கை வாங்கினான். இன்ன விமானத்தைத் தனியாக ஓட்டத் தகுதி பெற்றுவிட்டாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். அந்தக் கையெழுத்து 90 நாளைக்குத்தான் செல்லும். அப்போதும் பக்கத்தில் வேறு யாரையும் ஏற்றக் கூடாது.

பிறகு கதவைத் திறந்து இறங்கினான். இறங்கும் முன்பு தன் இருக்கையின் பெல்ட்டை, ஆள் உட்கார்ந்திருப்பது போலவே இழுத்துப் பூட்டினான். தொங்கிக்கொண்டிருந்தால் ஓட்டுகிறவருக்கு இடைஞ்சலாகிவிடுமாம். "மூன்று தடவை ஏறி இறங்கிவிட்டு வா. நான் இங்கேதான் நிற்கிறேன்" என்று கதவைச் சாத்தினான்.

அவன் எடை குறைந்ததும் விமானம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தரையை விட்டது. வழக்கமான இடத்துக்கு முன்பே ஆயிரம் அடி வந்துவிட்டது. செய்ய வேண்டியதை எல்லாம் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல் சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்தாளாம். "ஒரு தடவை பக்கத்துல திரும்பிப் பார்த்தேன் டீச்சர். பெல்ட்டு மட்டும் பூட்டியிருந்துச்சு. அப்பதான் உறைச்சுது, இதை இறக்க என்னை விட்டா ஆள் இல்லைன்னு."

முதல் இறக்கம் சரியாக வந்தது. இரண்டாவது தடவை ஓடுபாதைக்குக் கொஞ்சம் உயரமாக வந்துவிட்டாள். விமானம் லேசாக இருந்ததால் தரை தொடாமல் மிதந்துகொண்டே போனது. மீதி ஓடுபாதை குறைந்துகொண்டே வந்தது. கட்டாயப்படுத்தி இறக்கவில்லை அவள். விசையை முழுக்கக் கொடுத்து மறுபடி மேலே ஏறி, இன்னொரு சுற்று வந்து நிதானமாக இறக்கினாள். மூன்று இறக்கத்துக்கு நான்கு சுற்று.

இனிமேல்தான் என்னைத் தூங்கவிடாத விஷயம். கீழே நின்ற அந்தப் பையன் கையில் ரேடியோ இருந்தது. அவள் உயரமாக வருவது அவனுக்குத் தெரிந்தது. ஒரு பொத்தானை அழுத்தினால் அவளோடு பேசியிருக்கலாம். அவன் பேசவில்லை. "ஏன் சொல்லலை?" என்று இறங்கியதும் இவள் கேட்டிருக்கிறாள். "நீ சரியாகச் செய்வாய் என்று தெரியும். நான் வாயைத் திறந்தால், அடுத்த தடவையும் என் குரலுக்காகக் காத்திருப்பாய்" என்றானாம்.

27 வயது. நான் ஓய்வு பெறும்வரை எனக்குப் பிடிபடாத ஒன்று அந்தப் பிள்ளைக்குப் பிடிபட்டிருக்கிறது.

இப்போது கிழிந்த சட்டை. அந்தக் காலத்துப் பயிற்சி விமானங்களில் இருக்கைகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். முன்னால் மாணவர், பின்னால் ஆசிரியர். இரைச்சலில் பேச்சு கேட்காது. மாணவரின் கவனத்தைத் திருப்ப ஆசிரியர் பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுப்பாராம். தனியாகப் பறந்து வந்துவிட்டால் இனி இழுக்க வேண்டிய அவசியம் இல்லை. அதனால் சட்டையின் பின்பக்கத்தைக் கத்தரித்துவிடுவது அங்கே வழக்கம். அதில் பெயரும் தேதியும் எழுதி மாட்டிவைப்பார்கள். பிடித்து இழுக்கும் இடத்தையே ஆசிரியர் தன் கையால் வெட்டிவிடுகிறார்!

நம் ஊரில் சைக்கிள் பழகியதை நினைத்துப் பாருங்கள். மணிக்கு இவ்வளவு என்று வாடகை சைக்கிள் எடுத்து, குரங்குப் பெடல் போட்டு, அண்ணனோ மாமாவோ கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வருவார்கள். "பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே எப்போதோ விட்டுவிடுவார்கள். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் ஆள் இருக்காது. அந்த நொடியே தொபுக்கடீர்! அன்பால்தான் அப்படிச் செய்தார்கள். ஆனாலும் அது ஏமாற்றித்தான். விட்டது நமக்குத் தெரியாது. விமானத்தில் அப்படி இல்லை. "உனக்குத் தெரிந்துவிட்டது, நான் இறங்குகிறேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லி, எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்குகிறார்கள். அந்த மரியாதையைக் கொடுத்தால் 55 வயதிலும் ஆள் நிமிர்ந்து உட்காருகிறார்.

என் கருத்து இதுதான்: பிள்ளைகளோ பெரியவர்களோ, பலர் வாழ்க்கையில் தனியாகப் பறக்காமல் போவது அவர்களுக்குத் திறமையோ வயதோ போதாததால் அல்ல. பக்கத்து இருக்கையில் இருக்கும் நாம் இறங்காததால். "இந்த வயசுல இது தேவையா?" என்று கேட்கும்போது நாம் கேரியரைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அது அக்கறைதான், மறுக்கவில்லை. அக்கறையும் ஒருநாள் இறங்கத் தெரிந்துகொள்ள வேண்டும்.

"அமெரிக்காவில் நடக்கும், காசு இருந்தால் நடக்கும்" என்பவர்களுக்கு: செலவு உண்டு, ஒரு கார் வாங்கும் காசு ஆகும் என்று அவளே சொன்னாள். அவள் சம்பாதித்த காசு. நாம் ஒருநாள் கல்யாணத்துக்கு மண்டபம், சாப்பாடு, மேளம் என்று எவ்வளவு கொடுக்கிறோம் என்று யாரும் யாரையும் கேட்பதில்லையே!

அவள் இருக்கும் அதே கொலம்பஸ் நகரத்தில்தான் ஜெரி மாக் என்ற பெண்மணி இருந்தார். மூன்று பிள்ளைகளுக்குத் தாய், குடும்பத் தலைவி. விமானப் பொறியியல் படிக்கச் சேர்ந்து, கல்யாணத்துக்காகப் படிப்பை விட்டவர். முப்பது தாண்டியபின் விமானம் ஓட்டக் கற்றார். 1964 மார்ச் 19-ல் கிளம்பி ஏப்ரல் 17-ல் திரும்பினார். 29 நாளில், ஒற்றை இன்ஜின் செஸ்னா 180-ல், உலகத்தைத் தனியாகச் சுற்றிவந்த முதல் பெண் அவர். அப்போது அவருக்கு 38 வயது. வழியில் டெல்லியிலும் கல்கத்தாவிலும்கூட இறங்கினார். "மூணு பிள்ளை பெத்தவளுக்கு இது எதுக்கு?" என்று அங்கேயும் நாலு பேர் கேட்டிருக்க மாட்டார்களா?

நம் நாட்டுக்கு வருவோம். 1929-ல் இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் விமானி உரிமம் ஜே.ஆர்.டி. டாட்டாவுடையது. 1932 அக்டோபர் 15-ல் கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபால் விமானத்தை அவரே ஓட்டிவந்தார். அந்தத் தபாலை இன்னொரு விமானி பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தார். சரியாக 50 வருடம் கழித்து, 1982-ல் அதே தேதியில், கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அதே வழியில், ஒரு பழைய லெபர்ட் மாத் விமானத்தில் டாட்டா மறுபடியும் தனியாகப் பறந்தார். வயது 78! அவர் பெரிய மனிதர், முதல் தடவையும் அல்ல, சரி. உடம்பு இடம் கொடுத்தால் தேதி தடுக்காது என்பதற்குச் சொல்கிறேன்.

ஆபத்து இல்லையா? உண்டு. நாம் டிக்கெட் வாங்கிப் போகும் பெரிய விமானத்தைவிடச் சின்ன விமானத்தில் ஆபத்து அதிகம்தான். அதனால்தான் மருத்துவப் பரிசோதனை, தேர்வு, 38 மணி நேரம், கையெழுத்து, 90 நாள் கெடு எல்லாம். பயத்துக்கு வேலை கொடுத்துவிட்டார்கள். நாம் பயத்தைச் சும்மா உட்காரவைத்து, "வேண்டாம்" என்று மட்டும் சொல்லப் பழக்கிவிட்டோம்.

இனி சொல்லப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அதே 1980 வகுப்பில் இன்னொரு பெண் இருந்தாள். இவளைவிடக் கெட்டிக்காரி. கணக்கு கரும்பலகையில் எழுதி முடிக்கும் முன்பே விடை சொல்லிவிடுவாள். எட்டாம் வகுப்பு முடித்ததும், திருச்சியில் விடுதியில் சேர்த்துப் படிக்கவைக்கலாமா என்று அவள் அப்பா என் வீடு தேடி வந்து கேட்டார். எனக்கு அப்போது 24 வயது. ஊரில் டீச்சர் சொன்னால் வேதவாக்கு. "பொம்பளைப் பிள்ளை, அவ்வளவு தூரம் தனியா அனுப்ப வேண்டாம், இங்கேயே கண்ணு முன்னால இருக்கட்டும்" என்றேன். நல்லதுதான் சொல்கிறோம் என்று நினைத்தேன். எங்கள் ஊரில் எட்டாம் வகுப்போடு சரி. படிப்பு நின்றது. பதினேழு வயதில் கல்யாணம் ஆகிவிட்டது.

இன்று அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். பார்த்தால் "டீச்சர்" என்று ஓடி வந்து கையைப் பிடித்துக்கொள்வாள். ஒருநாள்கூட என்னைக் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குக் கனமாக இருக்கிறது. அன்றைக்கு நான் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. பறந்தவளின் படத்தை நான் பெருமையாகப் போட்டபோது, அதற்கு முதலில் விருப்பக்குறி இட்டவள் இவள்தான்.

நீ இதைப் படிப்பாய் என்று தெரியும், அம்மா. என்னை மன்னித்துவிடு. உன் பேத்தி வெளியூரில் படிக்கப் போக வேண்டும் என்று கேட்கிறாளாமே. நான் 1983-ல் சொன்னதை இன்று மாற்றிச் சொல்கிறேன். அனுப்பிவை.

கடைசியாக என் சொந்த வழக்கு ஒன்று.

எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டி நிற்கிறது. எனக்கு ஓட்டத் தெரியும், லைசென்ஸ் இருக்கிறது. சார் இருந்தவரை பின்னால் உட்கார்ந்து "பிரேக்கு, பிரேக்கு" என்று சொல்லிக்கொண்டே வருவார். ஒருநாளும் தனியாக ஓட்டியதில்லை. அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. என் மகன் வண்டிக்கு உறை போட்டுவிட்டு, சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். "எங்க போகணும்னாலும் ஆட்டோ சொல்லும்மா" என்பான். தங்கமான பிள்ளை. கண் ஆபரேஷன் முடிந்து, வண்டி ஓட்டலாம் என்று மருத்துவரே சொல்லிவிட்டார். பிள்ளை சொல்லவில்லை.

அந்தப் பயிற்சியாளரைப் பார்த்து நானும் ஒரு தாளில் எழுதியிருக்கிறேன். ஒரு வாரம் காலை வேளையில் மகன் பின்னால் உட்கார்ந்து வரலாம், திட்டலாம், திருத்தலாம். அவனுக்குத் திருப்தியானபின் கையெழுத்துப் போட வேண்டும். பகலில் மட்டும். ஹெல்மெட் கட்டாயம். நூலகம், மார்க்கெட், கோயில். பைபாஸ் பக்கம் போக மாட்டேன். வருடா வருடம் கண் பரிசோதனை. 90 நாளுக்கு ஒருமுறை அவன் மறுபடி பார்த்துக் கையெழுத்துப் போடலாம். அவன் எப்போது "போதும்மா" என்று காரணத்தோடு சொல்கிறானோ, அன்றைக்கு நானே சாவியைக் கொடுத்துவிடுவேன். வயதைக் காரணமாகச் சொல்லக் கூடாது, அவ்வளவுதான்.

முதல் நாள் தனியாகப் போகும்போது அவன் தெருமுனையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கட்டும். ஆனால் கூப்பிடக் கூடாது.

பதிவைப் போடும் முன் அவனுக்குப் படித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டான். "நல்லா எழுதியிருக்கம்மா" என்றான். தாளை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். சாவி இன்னும் வரவில்லை.

உங்கள் வீட்டில் யாருடைய கேரியரை நீங்கள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று இன்றைக்கு ஒரு நிமிடம் யோசியுங்கள். மகளாக இருக்கலாம், அம்மாவாக இருக்கலாம். பழகிக்கொடுங்கள், சோதித்துப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் இன்னும் பத்து நாள் கூடவே ஓடுங்கள். பிறகு முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்